குளிர்காலத்து மனச்சோர்வும் காலைக் கதிரும்
(மார்கழித் திங்கள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழர் ஓர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இப்பொழுதுகளை அவர்கள் வெறும் நாட்கணக்காகக் கொண்டாரல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் வகுத்து, இன்ன பொழுதிற்கு இன்ன உணர்வு இயையும் என்று இலக்கணம் செய்தனர். பிரிவைப் பேசும் பாலைக்குப் பின்பனியும் உரியது என்பது தொல்காப்பியர் துணிபு. பருவம் மாறுங்கால் மனமும் மாறும் என்னும் உண்மை தமிழில் இலக்கணமாகவே அமைந்துவிட்டது.

நெடுநல்வாடை காட்டும் புறாக்கள்

பத்துப்பாட்டுள் ஒன்று நெடுநல்வாடை. நக்கீரர் இயற்றிய 188 அடிப் பாட்டு. வேந்தன் பாசறையில் இருக்கின்றான். அரசி வாடைக்கால இரவில் அவனைப் பிரிந்து வருந்துகின்றாள். பிரிந்திருப்பவளுக்கு அவ்வாடை நெடியதாயிற்று, வெற்றி பெறும் வேந்தனுக்கு நல்லதாயிற்று என்று நூற்பெயருக்கு விளக்கம் கூறுவர் உரையாசிரியர்.

அரசியின் துயரத்தைக் காட்டுதற்கு முன்னரே, கூதிர்காலத்து ஊரினை நக்கீரர் காட்டுகின்றார். மழையும் மேகமும் கதிரவனை மறைத்துக் கிடக்கின்றன. மாலைப்பொழுது வந்ததோ இல்லையோ என மகளிர்க்குத் தெரியவில்லை. பறித்து வைத்த பிச்சியரும்பு மலர்ந்து மணம் வீசக் கண்டே பொழுதறிந்து விளக்கேற்றுகின்றனர். மனையில் வாழும் புறாக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவை இரவையும் பகலையும் பிரித்தறிய மாட்டாமல், பெடையோடு மன்றிற்குச் சென்று இரை தேடாமல், செயலற்று, இருந்த இடத்திலேயே கால்மாற்றி நிற்கின்றன.

புறாக்களுக்கு இரை இல்லாமல் இல்லை, இறகும் ஒடியவில்லை. ஒளி இல்லை, ஒளி இல்லாமையால் பொழுது தெரியவில்லை, பொழுது தெரியாமையால் செயல் இல்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட இக்காட்சியை இன்றைய மருத்துவ நூல் ஒன்றன் முகப்பில் எழுதி வைத்தாலும் பொருந்தும்.

வடபுலத்து இருள்

தமிழகத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்திற்கு மேல் நீள்கின்றது. டிசம்பர் 21 அல்லது 22, அஃதாவது மார்கழியின் முதல் வாரம், அந்நாள். அதே நாளில் டொராண்டோ நகரில் பகல் 9 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. இலண்டனில் 8 மணி நேரத்திற்கும் குறைவு. நார்வேயின் தலைநகராகிய ஓஸ்லோவில் 6 மணி நேரத்திற்கும் குறைவு; அங்குக் காலை 9 மணிக்குமேல் எழும் கதிரவன் பிற்பகல் 3 மணியளவில் மறைகின்றான். அந்நாட்டின் வடகோடியிலுள்ள டிரொம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை கதிரவன் எழுவதே இல்லை.

இந்நகரங்களிலெல்லாம் இன்று தமிழர் வாழ்கின்றனர். இம்மண்டபத்தில் இருப்போருள்ளும் பிள்ளையை அங்கு அனுப்பியவர் பலர் இருத்தல் கூடும். ஆவணியிலோ புரட்டாசியிலோ மேற்படிப்பிற்கென்று செல்லும் பிள்ளை முதல் இரு திங்கள் நாள்தோறும் பேசுகின்றான், கண்டதையெல்லாம் சொல்கின்றான். கார்த்திகை பிறந்தபின் பேச்சுக் குறைகின்றது. விடுமுறை நாளில் நண்பகல் வரை உறங்குகின்றான். வகுப்பிற்குச் செல்லவில்லை என்று பிறர் வாயிலாகத் தெரிகின்றது. "உனக்கு என்னப்பா குறை? இவ்வளவு செலவு செய்து அனுப்பினோமே" என்று தாய் கேட்கின்றாள். அவனிடம் விடை இல்லை. அவனுக்கே தெரியாத ஒன்றை அவன் எங்ஙனம் கூறுவான்?

மடியா? நோயா?

திருக்குறளில் மடியின்மை என்பது 61-ஆம் அதிகாரம். மருந்து என்பது 95-ஆம் அதிகாரம். சோம்பலைக் கடிந்த வள்ளுவரே நோயை ஆராய்ந்து தீர்க்கவும் கூறினார். இரண்டனையும் ஒன்றாக்கிக் குழப்புதல் பெரும்பிழை. நோயாளியைச் சோம்பேறி என்று ஏசினால் அவன் நோய் இரட்டிக்கும்.

இவ்விரண்டனையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? சோம்பல் உடையவன் படுத்திருப்பதில் இன்பம் காண்கின்றான். நோயுற்றவன் பத்து மணி நேரம் உறங்கியும் களைப்போடு எழுகின்றான். சோம்பல் உடையவன் வேலையைத் தவிர்த்து விளையாட்டை நாடுகின்றான். நோயுற்றவனுக்கு விளையாட்டும் இசையும் நட்பும்கூடக் கசக்கின்றன. சோம்பல் உடையவன் பிறர்மேற் பழி போடுகின்றான். நோயுற்றவனோ எல்லாப் பழியையும் தன்மேலேயே ஏற்றிக்கொள்கின்றான்.

இந்நோய்க்கு வேறு சில அடையாளங்களும் உண்டு. சோறு, ரொட்டி, இனிப்பு ஆகியவற்றின்மேல் வேட்கை மிகும். உடல் எடை கூடும். மனம் ஒன்றிலும் நிலைகொள்ளாது. மக்கள் முகம் காண வெறுப்பு உண்டாகும். இலையுதிர்காலத்தில் தொடங்கி, குளிர்காலம் முழுதும் இருந்து, வேனிற் பகல் நீளுங்கால் தானே விலகும். மறுஆண்டும் அதே பருவத்தில் வரும். ஆடவரினும் மகளிரிடத்தே மிகுதியாகக் காணப்படுவது இது. குளிர்நாளில் யாவர்க்கும் சிறிது சோர்வு தோன்றுதல் இயல்பு, அது நோயன்று. அன்றாடக் கடமையைச் செய்யவொட்டாமல் இரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் சோர்வே மருத்துவரை நாடவேண்டிய நிலையாகும்.

அமெரிக்க நாட்டுத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1984-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதிப் பருவகால மனச்சோர்வு எனப் பெயரிட்டனர். ரோசந்தால் வெயில் மிக்க தென்னாப்பிரிக்காவிற் பிறந்து வளர்ந்தவர்; அமெரிக்காவின் குளிர்ப்பகுதிக்குக் குடியேறியவர். வெயில் நாட்டிலிருந்து செல்வோர்க்கு அவ்விருள் எத்தகையது என்பது அவர் அறியாதது அன்று.

ஒளியும் உடலின் கடிகாரமும்

மனிதவுடலின் உள்ளே ஒரு கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், கண்நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்கு மேலே அஃது அமைந்துள்ளது. உறக்கம், விழிப்பு, பசி, உடற்சூடு ஆகிய யாவற்றையும் முறைப்படுத்துவது அதுவே. ஆயின் அது பெரும்பாலானோர்க்கு 24 மணி நேரத்தினும் சிறிது மெதுவாகவே ஓடும். நாள்தோறும் அதனைத் திருத்தி வைப்பது காலை ஒளி.

விழித்திரையில், பார்வைக்கென அமைந்த உயிரணுக்களேயன்றி, ஒளியின் அளவை மட்டும் உணர்ந்து அக்கடிகாரத்திற்கு அறிவிக்கும் உயிரணுக்களும் உள்ளன என்பது 2002-ஆம் ஆண்டு வாக்கில் தெளிவாயிற்று. இருள் சூழ்ந்தவுடன் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரந்து 'இரவு வந்தது' என உடலுக்கு உணர்த்தும். மிகுந்த ஒளி கண்ணிற் பட்டால் அச்சுரப்பு அடங்கும் என்பது 1980-இல் நிறுவப்பட்டது. காலை ஒளி கிட்டாத நாட்டில் கடிகாரம் பிந்துகின்றது. எழுந்து நடமாட வேண்டிய நேரத்தில் உடல் இன்னும் இரவிலேயே இருக்கின்றது. நக்கீரர் கண்ட புறாக்களின் மயக்கம் இதுவே.

வீட்டிற்குள் விளக்குத்தான் எரிகிறதே எனலாம். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள மெழுகுவர்த்தியின் ஒளி ஏறத்தாழ 1 லக்ஸ். நல்ல மின்விளக்குடைய அலுவலகத்தில் 500 லக்ஸ் அளவில் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் வெளியிலே சில ஆயிரம் லக்ஸ் உண்டு. நம் நாட்டு நண்பகல் வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸை எட்டும். கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறை உடலின் கடிகாரத்திற்கு அந்திப்பொழுதே.

வெளிநாடுகளில் வாழும் அன்பர் சிலர் மார்கழி நோன்பை விடாது காக்கின்றனர். விடியற்காலை எழுந்து நீராடி விளக்கேற்றுகின்றனர். போற்றத்தக்க ஒழுக்கம். தமிழகத்தில் அங்ஙனம் எழுவோர் கோலமிட்டுக் கோயில் வலம்வந்து முடிக்கும்முன் கதிரவன் எழுந்துவிடுகின்றான்; நோன்போடு ஒளியும் தானே கிட்டுகின்றது. ஓஸ்லோவில் 5 மணிக்கு எழுபவர்க்கு இன்னும் 4 மணி நேரம் இருளே. ஆதலின் அங்கு நோன்பு நோற்போர், கதிர் எழுந்தபின் அரைமணி நேரமேனும் வெளியில் நடத்தலையும் நோன்பின் ஒரு பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.

மருந்தின் நான்கு உறுப்புகள்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் எனும் நால்வகையும் கூடியதே மருத்துவம் என்றார் வள்ளுவர். இந்நோய்க்கும் அந்நான்கும் வேண்டும்.

முதலாவது, நோயாளி. அவர் செய்யத்தக்கன சில உண்டு. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல். எழுந்தவுடன் திரைச்சீலையை விலக்குதல். மேகமூட்டம் என்று எண்ணாது பகலில் வெளியே நடத்தல். சாளரத்தின் அருகே அமர்ந்து பயிலுதல். வாரத்தில் ஒரு நாளேனும் பிறரோடு கூடி உண்ணுதல். மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திராமல் செய்யத் தொடங்கினால் மனம் பின்னே வரும். சோர்வைப் போக்குமென்று மதுவை நாடுதல் கூடாது. அது சோர்வை வளர்ப்பது.

இரண்டாவது, மருத்துவர். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை முதலியனவும் இதே போன்ற களைப்பைத் தரும் ஆதலின், நோயை முடிவு செய்பவர் மருத்துவராகவே இருத்தல் வேண்டும். கருநிற மேனியர்க்கு வடநாடுகளில் வைட்டமின் டி குறைதல் எளிது. அதனையும் அவர் ஆய்ந்து கூறுவார். ஆயின் அவ்வைட்டமின் எலும்பிற்கு உறுதி தருவதேயன்றி, இச்சோர்விற்கு உரிய மருந்தாகாது.

மூன்றாவது, மருந்து. இதனுள் முதற்கண் வைக்கத்தக்கது ஒளி. 10,000 லக்ஸ் ஒளி தரும் விளக்குப்பெட்டியின் முன், காலையில் எழுந்தவுடன் 20 முதல் 30 நிமிடம் அமர்வது முறை. விளக்கை உற்று நோக்குதல் வேண்டா. அதனருகே இருந்து படிக்கலாம், உண்ணலாம். பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரத்தில் பயன் தெரியும். கண்நோய் உடையோரும், மனவெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய் உடையோரும் மருத்துவர் ஒப்புதலின்றி இதனைச் செய்தல் ஆகாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உரையாடல் சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் 177 நோயாளரிடையே நிகழ்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒளிச் சிகிச்சையும் உரையாடல் சிகிச்சையும் அக்குளிர்காலத்தில் ஒத்த பயனே தந்தன. இரண்டு குளிர்காலம் சென்றபின், ஒளி பெற்றோருள் 100-க்கு 46 பேர்க்கும், உரையாடல் சிகிச்சை பெற்றோருள் 27 பேர்க்கும் நோய் மீண்டது. கற்றுக்கொண்ட பழக்கம் நெடுநாள் காக்கும் என்பது இதனாற் பெறப்படும். தேவையெனின் மருத்துவர் மாத்திரையும் தருவார். அதனை அஞ்சுதலும் வேண்டா. தாமே நிறுத்துதலும் வேண்டா.

நான்காவது, அருகிருந்து துணைசெய்வோர். பெற்றோர் கடல்கடந்து இருக்க, அருகிருத்தல் எங்ஙனம் கூடும்? கூடும். தமிழகத்தில் மாலை 6 மணி ஆகும்போது குளிர்காலத்து இலண்டனில் பகல் 12.30, ஓஸ்லோவில் 1.30. இங்கு மாலை 6.30 எனின் டொராண்டோவில் காலை 8 மணி. அவ்வந்நாட்டில் ஒளி இருக்கும் நேரம் அது. அந்நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, "வெளியே நடந்துகொண்டே பேசப்பா" என்று கூறினால் போதும். தாயின் குரல் பிள்ளையைக் கதிரொளிக்கு அழைத்துச் செல்லும். இரவில் நெடுநேரம் விழித்திருக்கச் செய்து பேசுதலினும் இது பன்மடங்கு நன்று.

'என்ன குறை?' என்று வினவுதலை விடுத்து, 'இன்று வெயில் பார்த்தாயா? யாரோடு உண்டாய்?' என்று வினவுதல் நலம். 'தேர்வு என்னாயிற்று?' என்பது பின்னர் ஆகட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதல் அறவே கூடாது. கோயிலில் பிள்ளை பெயரால் அருச்சனை செய்வோர் செய்க. அதனோடு, 'மருத்துவரைப் பார்' என்று சொல்லுதலையும் மறவாதிருக்க.

வாழ்வே வேண்டா என்பதுபோல் பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் அதனை விளையாட்டாகக் கொள்ளுதல் ஆகாது. அப்பொழுதே அருகிலுள்ள நண்பரை அவனிடம் அனுப்புதல் வேண்டும். கனடாவில் 988, பிரிட்டனிலும் நார்வேயிலும் 116 123 என்னும் எண்களில் உதவி கிட்டும். இந்தியாவில் 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்; கலங்கி நிற்கும் பெற்றோரும் அழைக்கலாம்.

ஓர் ஊர் செய்த செயல்

நார்வே நாட்டில் ரியூக்கான் என்றோர் ஊர் உண்டு. மலைகளுக்கு இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை கதிரவன் மலைக்கு மேல் வருவதில்லை. ஊரில் வெயில் படுவதே இல்லை. அங்குத் தொழிற்சாலை நிறுவியோர், தொழிலாளர் குளிர்காலத்திலும் வெயில் காணவேண்டும் என்று கருதி, 1928-இல் மலைமேற் செல்லும் கம்பிவட ஊர்தியை அமைத்தனர். மலைமேற் கண்ணாடி வைத்து ஊருக்குள் வெயிலைத் திருப்பலாம் என்னும் எண்ணம் 1913-இலேயே எழுந்தது. நூறாண்டு கழித்து, 2013 அக்டோபரில் அது கைகூடியது. ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர் பரப்புடைய மூன்று கண்ணாடிகள் கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை வீழ்த்துகின்றன. மக்கள் அவ்விடத்தில் வந்து நின்று முகத்தில் வெயில் ஏற்கின்றனர்.

அவ்வூரார் கதிரவனை நோகவில்லை. வெயிலின்றி வாடுவோரை மனவலிமை அற்றவர் என்று இகழவுமில்லை. இல்லாதது எது என்று கண்டனர், அதனைக் கொணர்ந்தனர். அக்கண்ணாடிகள் ஊர் முழுதிற்கும் ஒளி தருவன அல்ல. சதுக்கத்தின் ஒரு பகுதிக்கே தருகின்றன. ஆயின் அவ்விடத்திற்கு வருவோர் ஒருவரையொருவர் காண்கின்றனர். ஒளியும் கிட்டுகின்றது, கூட்டமும் கிட்டுகின்றது.

கூட்டமும் வேண்டும் என்பதற்குத் தமிழர் வாழ்விலேயே சான்று உண்டு. 1980-களிலும் 1990-களிலும் ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வடகோடியாகிய ஃபின்மார்க் பகுதியில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் பணியாற்றினர். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் எழாத கடற்கரை அது. அவர்களுட் பலர் உடல்வலி, தலைவலி என்று கூறி மருத்துவ நிலையத்திற்குச் சென்றனர், காரணம் பிடிபடவில்லை. அவர்களிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலார் ஒருவர், உறவும் சடங்கும் சூழ்ந்த வாழ்வை அவர்கள் இழந்தமையோடு அவ்வலிகளைத் தொடர்புபடுத்தி எழுதினார். 'மனம் நோகிறது' என்று சொல்லத் தெரியாதவர் 'முதுகு நோகிறது' என்றனர். தொலைபேசியில் 'தலைவலிம்மா' என்று பிள்ளை சொல்லும்போது அதனுள் வேறு பொருளும் இருத்தல் கூடும் என்பதைப் பெற்றோர் ஓர்ந்து கேட்டல் வேண்டும்.

மெய்யன்பர்களே! மார்கழி முதல் வாரத்தோடு பகல் குறைவது நின்று, நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக வளரத் தொடங்குகின்றது. தை முழுதும் அது வளரும். டிரொம்சோ நகரத்தார்க்கு மலைமேல் கதிரவன் மீண்டும் தோன்றும் நாள் சனவரி 21-ஐ ஒட்டி வரும்; இங்குப் பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில். அந்நாளை அவர்கள் இனிப்புண்டு கொண்டாடுகின்றனர். இருள் எவ்வளவு நீண்டதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை அங்குள்ள பிள்ளைக்கு இங்கிருந்து எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அவ்வெல்லை வரும்வரை மருத்துவரும் மருந்தும் அவனுக்குத் துணையாகட்டும். நாளை மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் குரலும் அவனுக்குத் துணையாகட்டும்.